மூன்று டியூப் போதும்

ரிட்டயர் ஆனதும் வாட்டர் கலர் பழக ஆசைப்பட்டேன். மகன் 36 நிறப் பெட்டி வாங்கித் தந்தான். பாபநாசத்தில் உட்கார்ந்து பொதிகை மலையை வரைந்தேன். எல்லாப் பச்சையையும் தொட்டுத் தொட்டு, மலை சேறாகிவிட்டது.

பிறகு மூன்றே டியூப்: அல்ட்ராமரின் நீலம், செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, மஞ்சள் காவியான யெல்லோ ஆக்கர். நீலமும் சியன்னாவும் கலந்தால் மழைமேகச் சாம்பல். நீலமும் ஆக்கரும் அடிவாரத்து மங்கல் பச்சை. தூரத்து மலைக்குத் தண்ணீர் கூட்டிய நீலம். பக்கத்துப் பாறைக்குக் கெட்டியான சியன்னா. வெள்ளைக்குத் தாளையே விட்டுவிட வேண்டும். அதைப் பழக நம்மூர் உப்பளத்து அம்பாரங்களே போதும்.

ஒருநாள் வீட்டுக்காரி, "என்ன, மலையெல்லாம் இவ்வளவு நீலம்?" என்றாள். எனக்கோ சரியாகவே தெரிந்தது. டாக்டரிடம் போனால் இரண்டு கண்ணிலும் புரை. புரை விழுந்தால் நீலம் மங்குமாம். அதனால்தான் கூட்டிக்கூட்டிப் பூசியிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து பார்த்தபோது, உப்பு அம்பாரத்தின் நிழல்கூட நீலமாக இருந்தது!

முப்பத்தாறு நிறத்தில் இந்தக் குறை ஒளிந்துகொண்டிருக்கும். மூன்றில் மறைய இடமில்லை. அதனால் சொல்கிறேன், என் வயதுக்காரர்களே: பெரிய பெட்டி வேண்டாம். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.