போலீஸா, டாக்டரா?

என்னோடு ஆபீஸில் வேலை பார்த்த நண்பரின் மகன் ஹெராயினுக்கு அடிமையானபோது, "போலீஸில் பிடித்துக் கொடுங்கள், திருந்துவான்" என்று சொன்னவன் நான். அவன் திருந்தவில்லை; முப்பது வயதைத் தாண்டவும் இல்லை.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இன்றும் பிரெஞ்சு ஏடுகளைப் புரட்டுவதுண்டு. ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையைச் சாதாரண டாக்டர்களே எழுதித்தர 1996-இல் பிரான்சு வழிசெய்தது. 1995-க்கும் 1999-க்கும் இடையில் அங்கே அளவுமீறிய போதைச் சாவுகள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

நம் நாட்டில் பஞ்சாப் அரசு 2017-இல் தொடங்கி, மாநிலமெங்கும் இதற்கென மையங்கள் திறந்தது. தொடக்கத்தில் ஊழியர் கண்ணெதிரே மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டியிருந்தது. மனநல ஆலோசனையும் உண்டு. பிறகு அவரவர் வேலைக்குப் போகலாம்.

"ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்பார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நாம் தினமும் மாத்திரை விழுங்குகிறோமே, நம்மை யாராவது பிடித்துக் கொடுக்கிறார்களா?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்த நிலை வந்தால், மானம் போகும் என்று மறைக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.