தோலின் கதையும் தூரதர்சனமும்

நாவலைத் தொடர்நாடகமாக்கித் திரையிற் காட்டுவது வீண் பொழுதுபோக்கு என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அது தவறென்பதற்கு அயர்லாந்து தேசமே சாக்ஷி. 1913-ஆம் வருஷத்தில் டப்ளின் முதலாளிகள் ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கதவடைத்து வெளியேற்றினர். அச்சரித்திரத்தை ஜேம்ஸ் பிளங்கெட் 1969-இல் ‘ஸ்ட்ரம்பெட் சிட்டி’ என்ற நாவலாக்கினார். அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு ஸ்தாபனமாகிய ஆர்.டி.இ. 1980-இல் அதனை ஏழு பகுதிகளாகத் தயாரித்தது. தொழிலாளர் தலைவர் லார்கினாகத் தோன்றியவர் உலகப் புகழ் பெற்ற பீட்டர் ஓ’டூல். சிறிய தேசம், ஆயினும் தன் ஏழைகளின் கதையைச் சொல்ல அது வெட்கப்படவில்லை.

நம்மிடம் அத்தகைய கதை இல்லையா? திண்டுக்கல்லில் வக்கீல் தொழில் நடத்திய காலஞ்சென்ற டி. செல்வராஜ், அவ்வூர்த் தோல் பதனிடும் தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். 2010-இல் வெளிவந்த அந்நூலுக்கு 2012-இல் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. சுண்ணாம்புக் குழியும், ஆவாரம் பட்டைத் தொட்டியும், புண்பட்ட கைகால்களும் எத்தகையவை என்று வாணியம்பாடி, ஆம்பூர்வாசிகளுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. ஆற்காட்டுத் தோலின் கதையும் திண்டுக்கல் தோலின் கதையும் வேறு வேறல்ல. தூரதர்சன் அதனைத் தொடர்நாடகமாக்க வேண்டுமென்பது நமது கோரிக்கை.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். முதலாளியின் மதம் இன்னது, தொழிலாளியின் ஜாதி இன்னது என்று பேச நேருமே. கலகம் மூளாதா என்பார்கள். இக்கேள்விக்கு 1988-ஆம் வருஷத்திலேயே விடை கூறப்பட்டுவிட்டது. பீஷ்ம ஸாஹனியின் ‘தமஸ்’ நாவலைக் கோவிந்த் நிஹலானி தொடராக்க, தூரதர்சன் ஒளிபரப்பியது. தோல் பதனிடும் ஏழை ஒருவனை ஏமாற்றிப் பன்றியைக் கொல்லச் செய்து, அதன் உடலை மசூதி வாசலிற் போட்டுக் கலகம் மூட்டிய கதை அது. தடை கோரி வழக்கு வந்தது. பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் தொடரைத் தாமே பார்த்து, தடை வேண்டாமென்றனர். உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. திடசித்தமும் நியாய உணர்வும் உடையவர்மேல் ஒரு படைப்பு என்ன விளைவு உண்டாக்கும் என்று பார்க்க வேண்டுமேயன்றி, சபலசித்தர்களின் அச்சத்தை அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பகைமையை மூட்டுவது வேறு; அதை மூட்டியவர்களைக் காட்டிக் கொடுப்பது வேறு.

மற்றோர் ஆட்சேபம் பணம். மாமியார் மருமகள் சச்சரவை வருஷக்கணக்கில் நீட்டுவதற்குப் பணம் அகப்படுகிறதே! விளம்பரதாரர் தயவில் வாழும் நிலையங்கள் தயங்கலாம். ஜனங்களின் வரிப்பணம் பெறும் தூரதர்சன் தயங்க நியாயமில்லை.

தோற்கழிவால் பாலாறு கெட்டதென்ற வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. ஆற்றுக்கு நேர்ந்த கதி சட்டப் புத்தகங்களிலாவது ஏறிற்று. குழியிலிறங்கிய மனிதனுக்கு நேர்ந்ததை எந்தப் புத்தகத்தில் தேடுவது? செல்வராஜ் எழுதி வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாதவரும் அதை அறிய வேண்டாமா?

நம் பிரதேசத்துச் சங்கங்களும் வாசகசாலைகளும் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றிச் சென்னை நிலையத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.