வறட்சி, நோய், வேட்டை: வல்லநாட்டு வெளிமான்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

வல்லநாட்டு மலையடிவாரத்தில் வாழும் வெளிமான்களைச் சுடவோ, கூட்டமாகப் பிடித்து வேறிடம் கொண்டுபோகவோ யாருக்கும் அனுமதி தரக்கூடாது. மானால் பயிரை இழந்த மானாவாரி விவசாயிக்கு அடுத்த விதைப்புக்கு முன்பே இழப்பீடு கையில் கிடைக்க வேண்டும். சரணாலயத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் மேயும் ஆடுமாடுகள் அனைத்துக்கும் கோடை தொடங்குமுன் தடுப்பூசி போட்டு முடித்திருக்க வேண்டும். எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிப்போடுவதை நாங்கள் ஏற்கவில்லை. அப்படிச் செய்தால் மானைக் காக்கும் பாரம் முழுவதும் விவசாயி தலையிலும் ஆட்டுக்காரர் தலையிலும் விழும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிகள் குறித்துத் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்பது அதன் சாரம். அன்று முதல் எங்கள் வட்டாரத்தில் ஒரு கேள்வி ஓயவில்லை: பன்றிக்கு வழி பிறந்ததே, மானுக்கு ஏன் பிறக்கவில்லை? உளுந்தும் பாசியும் பூக்கும் நேரத்தில் இரவோடு இரவாக மேய்ச்சலுக்குக் கொடுத்தவர்கள் கேட்கும் கேள்வி அது. அதற்கு நேராகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

திருச்செந்தூரில் இருந்துகொண்டு வல்லநாட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்றும் சிலர் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே மாவட்டம், ஒரே தாமிரபரணி. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் விவசாயிகளும் ஆடு வளர்ப்பவர்களும்தான். அறுவடை முடிந்த நஞ்சைகளில் கிடை போட வரும் மந்தைகள் வட்டம் விட்டு வட்டம் நடக்கின்றன. அவற்றோடு நோயும் நடக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மான் வயிற்றில் பிறந்த வள்ளியைக் கைப்பிடித்தவர் எங்கள் ஊர்த் தெய்வம். கோயிலுக்கு வருபவர்கள் வள்ளி குகைக்குள் குனிந்து நுழைந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். மானைப் பற்றிப் பேச இந்த ஊருக்கு உரிமை உண்டு.

வல்லநாடு வெளிமான் சரணாலயம் திருநெல்வேலி - தூத்துக்குடி நெடுஞ்சாலையை ஒட்டி, ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில் இருக்கிறது. 1987இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,641 ஹெக்டேர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் இதுவே தென்கோடி. இதற்குத் தெற்கே வேறு கூட்டம் கிடையாது. சுற்றிலும் வயல், வீடு, சாலை. கூட்டம் நலிந்தால் பக்கத்துக் காட்டிலிருந்து நடந்து வந்து சேர ஒரு மான்கூட இல்லை. ஆயிரக்கணக்கில் மான்கள் திரியும் நிலத்துக்குப் பொருந்தும் கணக்கு எதுவும் இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான்.

இந்தக் கூட்டத்தை வறட்சி எப்படி அடிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மான் தாகத்தில் செத்துக் கிடந்தால்தான் வறட்சி என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு வெகுநாள் முன்பே சேதம் தொடங்கிவிடுகிறது. வெளிமான் புல் மேயும் உயிர். எங்கள் பக்கம் புல் முளைப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி. அந்த மழை பொய்த்தால் தை மாதத்திலேயே தரை வெளுத்துவிடும். இருக்கிற புல்லிலும் சத்து இருக்காது. சினைமானின் உடம்பில் கொழுப்பு குறையும், ஈன்ற பிறகு மடியில் பால் குறையும். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான். பால் போதாத குட்டி எழுந்து ஓடத் தெம்பில்லாமல் புதரில் கிடக்கும். நாய்க்கும் நரிக்கும் அதுவே போதும். பெரிய மான்கள் உயிரோடு நடமாடுவதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். இரண்டு மூன்று வருடம் கழித்து எண்ணும்போதுதான் ஒரு தலைமுறையே காணாமல் போயிருப்பது தெரியவரும்.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஏழு வருடம் கூட ஆகவில்லை, 2023 டிசம்பரில் எங்கள் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு வருடம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். இனி இப்படித்தான் இருக்கும் என்று எண்ணியே திட்டமிட வேண்டும். மழை வந்துவிட்டதால் ஆபத்து நீங்கிவிடுவதும் இல்லை. செம்மறிகளைத் தாக்கும் நீலநாக்கு நோய் சிறு கொசு போன்ற பூச்சியால் பரவுவது; அந்தப் பூச்சி பெருகுவது மழைக்குப் பிந்தைய ஈரச் சேற்றில்தான்.

வறட்சியும் நோயும் தனித்தனியாக வருவதில்லை. இரண்டும் சந்திப்பது தண்ணீர்த் துறையில். சுற்றியுள்ள குட்டைகள் வற்ற வற்ற, மிஞ்சியிருக்கும் ஒரு குட்டைக்கு மானும் வரும், வெள்ளாடும் வரும், செம்மறியும் மாடும் வரும், ஊர்நாயும் வரும். பட்டினியால் எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு, பல மந்தைகள் வாய் வைத்த தண்ணீர். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் கோமாரிக்கும் இதைவிட வசதியான இடம் வேண்டாம்.

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் மாநிலத்தில்தான். விழுப்புரம் பக்கம் அரசூர் கிராமத்துச் செம்மறிகளில், 1987இல். வல்லநாடு சரணாலயமான அதே வருடம். ஆட்டுக்காரர்களுக்கு இந்த நோயை விவரிக்கத் தேவையில்லை. காய்ச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் என்று தொடங்கி பட்டியே காலியாவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அது மானினத்தையும் விடாது என்பது பலருக்குத் தெரியாது. மங்கோலியாவில் நடந்ததை எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டும். அங்கே புல்வெளியில் வாழும் சைகா மான், நம் வெளிமானுக்கு உறவு. 2016இன் பிற்பகுதியில் அங்குள்ள ஆட்டு மந்தைகளில் ஆட்டுக்கொல்லி பரவியது. அந்தக் குளிர்காலத்திலேயே சைகாக்கள் செத்து விழத் தொடங்கின. பாதிக்கு மேல் அழிந்தன. வேட்டைக்காரன் பல வருடத்தில் செய்ய முடியாததை ஒரு கிருமி ஒரு பருவத்தில் செய்து முடித்தது.

இதற்கு நேர்மாறான வரலாறும் நம்மிடமே இருக்கிறது. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டெருதுகளை வெக்கை நோய் கொத்துக்கொத்தாகச் சாய்த்தது. இன்று அந்த நோய் உலகத்திலேயே இல்லை. 2011இல் அது ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதற்காகக் காட்டெருதைச் சுடவில்லை, காட்டுக்குள் ஊசியோடு அலையவும் இல்லை. ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள், காட்டெருதும் பிழைத்தது.

அதனால்தான் நாங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவைக் கையில் எடுத்துப் பேசுகிறோம். சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட நடவடிக்கை எடுப்பது தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடமை என்று அது சொல்கிறது. தடுப்பூசி போடாத கால்நடையைச் சரணாலயத்துக்குள் மேய்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. புதுச் சட்டம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. வனத்துறையும் கால்நடை பராமரிப்புத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து, வல்லநாட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் பட்டிகளை ஊர்வாரியாகப் பட்டியலிட்டு, மாசிக்குள் முடிக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை ஆட்டுக்குப் போட்டார்கள் என்பதை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஊர் விட்டு ஊர் போகும் கிடை ஆடுகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் விடுபட்டுவிடும். அவற்றைத் தேடிப் போய்ப் போட ஒரு குழு தனியாக வேண்டும்.

இனி வேட்டை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மியூல் மான் என்று ஒரு மான் உண்டு. அங்கே அதை வேட்டையாடுவது சட்டப்படி நடக்கிறது. அந்த உதாரணத்தைச் சிலர் எங்களிடம் கொண்டு வருகிறார்கள். முழுவதையும் கொண்டுவரட்டும். அங்கே வருடாவருடம் மான்களை எண்ணுகிறார்கள், குட்டிகள் எத்தனை பிழைத்தன என்று பார்க்கிறார்கள், பெண்மான்களின் உடலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்கிறார்கள். அதன் பிறகுதான் இத்தனை பேருக்கு அனுமதி என்று முடிவாகிறது. 2021இல் வறட்சி கடுமையானபோது யூட்டா மாநிலம் மான் வேட்டை அனுமதிகளில் பல ஆயிரத்தைக் குறைத்தது. வேட்டை சட்டப்படி நடக்கும் நாட்டிலேயே வறட்சி வந்தால் துப்பாக்கியைக் குறைக்கிறார்கள். 1967இல் கொலராடோவில் முதலில் தென்பட்ட நாள்பட்ட மெலிவு நோய், தடுப்பூசி இல்லாத கொடிய நோய். அடர்ந்த கூட்டங்களில் அதன் பரவலைத் தணிக்க வேட்டை ஓரளவு உதவலாம் என்ற கருத்து அங்கே இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அந்தக் கருத்து பரந்த நிலத்தில் திரியும் பெருங்கூட்டங்களுக்கானது. ஒரு குன்றைச் சுற்றி ஒதுங்கி நிற்கும் கூட்டத்துக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது தவறு.

எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு வருடந்தோறும் நடந்ததில்லை. முத்துப் பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருக்கிறதா, போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே குளிப்புக்கு நாள் குறித்தார்கள். இல்லாத வருடங்களில் பார் அப்படியே விடப்பட்டது. தூத்துக்குடியில் கடைசியாகக் குளிப்பு நடந்தது 1961இல். அதன் பிறகு திறக்கவே இல்லை. முத்துக்கு அவ்வளவு விலை இருந்தும் கை வைக்கவில்லை.

கள்ள வேட்டையைப் பொறுத்தவரை எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. வறட்சிக் காலம் வேட்டைக்காரனுக்கு அறுவடைக் காலம். மான் எந்தக் குட்டைக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். கண்ணி, நாட்டுத் துப்பாக்கி, வேட்டை நாய், நெற்றியில் கட்டிய விளக்கு. இவ்வளவுதான் அவனுக்கு வேண்டும். வெளிமான் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டுவரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். தண்டனை போதவில்லை என்பதல்ல எங்கள் குறை. பங்குனி முதல் ஆவணி வரை தண்ணீர் இருக்கும் இடங்களில் இரவுக் காவல் போதவில்லை. கறி வாங்குபவர் இருக்கும்வரை கண்ணி வைப்பவரும் இருப்பார் என்பதையும் ஊருக்குள் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி குறித்து எங்கள் கருத்து சிலருக்கு வருத்தம் தரலாம். கோடையில் நல்ல மனதோடு பலர் தொட்டி கட்டித்தர முன்வருகிறார்கள். ஆனால் எல்லாக் கால்நடையும் மானும் ஒன்றாகக் குடிக்கும் ஒரு பெரிய தொட்டி, வேட்டைக்காரனுக்கும் நாய்க்கும் கிருமிக்கும் சேர்த்துக் கட்டியது ஆகிவிடும். சரணாலயத்துக்கு உள்ளே சிறிய, ஆழமில்லாத தொட்டிகள் பல இடங்களில் இருக்க வேண்டும். வாரந்தோறும் வடித்து, தேய்த்து, வெயிலில் காயவிட்டு நிரப்ப வேண்டும். ஆடுமாடுகளுக்கான தொட்டி எல்லைக்கு வெளியே தனியாக வேண்டும். அதைக் கட்டித் தராமல் ஆட்டுக்காரரை விரட்டுவது நியாயமாகாது. அவருடைய ஆட்டுக்கும் அதே வெயில்தான். சீமைக்கருவேலம் புல்வெளியை மூடிக்கொண்டே போவதைத் தடுத்து, புல் வளர இடம்விடுவது தொட்டியைவிடப் பெரிய உதவி. அதை ஒரேயடியாக வெட்டித் தள்ளவும் வேண்டாம். புல் இல்லாத நாளில் அதன் காயைத் தின்றுதான் மான்கள் உயிரைப் பிடித்துக்கொள்கின்றன. புல் வரவர மரத்தைக் குறைக்க வேண்டும்.

ஊர்நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் மலையடிவார ஊர்களிலிருந்தே தொடங்கட்டும். இறைச்சிக் கழிவைச் சாலையோரம் கொட்டுவது நின்றாலே பாதி நாய் குறையும்.

இறந்துகிடக்கும் ஒவ்வொரு மானும் ஒரு தகவல். திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வல்லநாட்டிலிருந்து எட்டிப்போகும் தூரம். உடற்கூறாய்வு செய்து, மாதிரியைச் சோதித்து, காரணத்தை வெளியிட வேண்டும். நாய் கடித்த காயம் தெரிந்தாலும் சோதனை வேண்டும். நோயில் தளர்ந்த மான்தானே நாயிடம் அகப்படுகிறது. 2022 மார்ச்சில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த புள்ளிமானுக்கு அடைப்பான் நோய் இருந்தது சோதித்ததால்தான் தெரிந்தது. மனிதருக்கும் தொற்றும் நோய் அது. செத்த மானை அறுத்துக் கறி பங்கிடுபவர் தன் வீட்டுக்கு எதைக் கொண்டுபோகிறார் என்று அறியாமலே போகிறார்.

விவசாயிக்குத் திரும்ப வருகிறோம், ஏனென்றால் அவர் சம்மதிக்காமல் இதில் எதுவும் நிற்காது. மான் மேய்ந்த வயலை இரண்டு நாளுக்குள் பார்வையிட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வனக்காப்பாளரும் சேர்ந்து வந்து, அங்கேயே அளந்து கையெழுத்திட வேண்டும். குத்தகைக்கு உழுபவருக்கும் இழப்பீடு கிடைக்க வேண்டும். பட்டா யார் பெயரில் என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. உளுந்து போனால் உளுந்துக்கு உண்டான சந்தை விலையைக் கணக்கிட வேண்டும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்யப்போவதையும் எழுதிவைக்கிறோம். எங்கள் உறுப்பினர்களின் ஆடுகள் அனைத்துக்கும் மாசி முடியுமுன் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போடப்படும். போடாத பட்டியிலிருந்து கிடைக்கு ஆடு அனுப்ப மாட்டோம். செத்த மானைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்வோம். நோயுற்ற கால்நடையை மறைக்காமல் 1962 ஊர்தியை அழைப்போம். வேட்டைக் கறி வாங்கியதாகவோ விற்றதாகவோ உறுதியானால், அவர் எவ்வளவு மூத்த உறுப்பினராக இருந்தாலும் அன்றே அமைப்பிலிருந்து நீக்கப்படுவார்.