எண்ணிக்கை மட்டும் போதுமா? மரம் நடும் திட்டங்களில் விதையின் பிறப்பிடம் ஏன் முக்கியம்

புது டெல்லி: கூடுதல் காடுகள், மரங்கள் வாயிலாக 250 கோடி முதல் 300 கோடி டன் வரை கரியமில வாயுவை ஈர்க்கும் திறனை 2030-ஆம் ஆண்டுக்குள் உருவாக்குவதாக, பாரிஸ் ஒப்பந்தத்தையொட்டி 2015-இல் இந்தியா உறுதியளித்தது. 2024 ஜூன் 5-ஆம் தேதி, தாயின் பெயரில் ஒரு மரம் நடும் இயக்கத்தைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். நடப்படும் கன்றுகளின் எண்ணிக்கை பேசப்படும் அளவுக்கு, அவற்றின் விதை எங்கிருந்து வந்தது என்பது பேசப்படுவதில்லை.

ஒரே இன மரங்களாயினும், வளரும் இடத்துக்கேற்ப அவற்றின் மரபணுக்களில் வேறுபாடு உண்டு. தேக்கு, கேரளத்தின் மழை மிகுந்த நிலம்பூர் பகுதியிலும் மத்திய இந்தியாவின் வறண்ட காடுகளிலும் வளர்கிறது. வறட்சியும் மழையும் ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுகளைச் சலித்தெடுக்கின்றன. தாக்குப்பிடித்தவையே அடுத்த தலைமுறைக்கு விதை தருகின்றன.

பல இடங்களின் விதைகளை ஒரே நிலத்தில் வளர்க்கும் சோதனைகள் இதை உறுதிப்படுத்துகின்றன. மண்ணும் மழையும் ஒன்றாக இருந்தும் வேறுபாடு நீடித்தால், அது மரபுவழி வந்ததாகும். ஐரோப்பாவின் ஸ்காட்ஸ் பைன் மரங்களில், வடபகுதியைச் சேர்ந்தவை குளிருக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. தென்பகுதி விதைகளை வடக்கே நட்டால், வளர்ச்சி நிற்பதற்குள் உறைபனி தாக்கிவிடுகிறது.

கனடாவின் லாட்ஜ்போல் பைன், ஸ்ப்ரூஸ் மரங்களை ஆராய்ந்து 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, வெப்பநிலை, குளிர் தாங்கும் திறன் ஆகியவற்றுடன் தொடர்புடைய 47 மரபணுக்கள் இரண்டிலும் பொதுவாக இருப்பதைக் கண்டறிந்தது. தொலைதூர உறவுடைய இரு இனங்களும் குளிரை எதிர்கொள்ள ஒரே மரபணுக்களைப் பயன்படுத்துவதை இது காட்டுகிறது.

ஆனால், உள்ளூர் விதையே எப்போதும் சிறந்தது என்ற முடிவுக்கும் வந்துவிட முடியாது. காலநிலை மாறும் வேகத்துக்கு மரங்களின் தலைமுறை மாற்றம் ஈடுகொடுப்பதில்லை. எனவே, நடவிடத்தில் வருங்காலத்தில் நிலவக்கூடிய காலநிலைக்குப் பொருந்தும் விதையைத் தேர்ந்தெடுக்கும் விதிமுறையைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2018 முதல் படிப்படியாகக் கொண்டு வந்தது.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. நாற்றங்கால்கள் விதையின் பிறப்பிடத்தைப் பதிவு செய்வதும், ஒரு சில தாய் மரங்களை மட்டும் நம்பாமல் பல மரங்களிலிருந்து விதை சேகரிப்பதும் பெருஞ்செலவு பிடிக்காத முதற்படிகள். கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் போன்ற அமைப்புகள் இத்துறையில் ஏற்கெனவே இயங்குகின்றன. தேக்கு முதிர 50 ஆண்டுகளுக்கு மேலாகும். விதைத் தேர்வில் இன்று நேரும் பிழை தெரியவரும்போது, அதைத் திருத்தும் வாய்ப்பு கடந்து போயிருக்கும்.