கண்ணாடிப் பெட்டிக்குள் கூத்தாடி

பழைய பீங்கான் பொம்மைகளைச் சேகரிப்பது கலைக்குச் செய்யும் தொண்டு என்று வாதிப்போர் உளர். அத்தொண்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

திருகோணமலைத் துறைமுகத்தின்மீது ஒல்லாந்தர் கொடி பறந்த பதினெட்டாம் நூற்றாண்டில், அவர்களுடைய கப்பல்கள் சீனப் பீங்கானை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றன. அப்பண்டத்தின்மீது தீராத மோகங் கொண்டவன் ஜேர்மனியின் சாக்சனி நாட்டை ஆண்ட அகஸ்டஸ். 1710இல் மைசன் நகரில் பீங்கான் ஆலையை நிறுவியவன் அவனே. செய்முறையைக் கண்டறிந்த பொட்கரைக் கைதிபோல் அடைத்து வைத்தான். 1717இல், 151 பீங்கான் பாத்திரங்களுக்கு ஈடாகத் தன் படைவீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னனிடம் ஒப்படைத்தான். ஒரு பாத்திரத்துக்கு ஏறக்குறைய நான்கு மனிதர்!

1731இல் அவ்வாலையிற் சேர்ந்த சிற்பி கெண்ட்லர், இத்தாலிய நாடகப் பாத்திரங்களைப் பொம்மைகளாக வடித்தார். அவருடைய கைத்திறனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பாத்திரங்கள் யாருடையவை? சந்தைவெளியில் மேடை கட்டி ஆடிய கூத்தருடையவை. பசித்த வேலைக்காரன் ஆர்லெக்கின், கஞ்ச வணிகன் பன்டலோனே ஆகியோரைக் கண்டு ஏழை மக்கள் வாய்விட்டுச் சிரித்தனர். எசமானை எள்ளி நகையாடிய அவ்வேலைக்காரன், எசமானின் விருந்து மேசையிலேயே வாயற்ற அலங்காரமானான்.

ஹைதராபாத்தின் சாலார் ஜங் சேகரத்திலும் மைசன் பீங்கான் உண்டு. பிரபுவின் மாளிகைப் பொருள்கள் 1951இல் மக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டமை நன்றே. எனினும், ஒரு பொம்மையின் வயதையும் விலையையும் மட்டும் மாணவனுக்குக் கற்பித்தால் போதுமா? அது யாரைப் பார்த்துச் சிரித்தது என்பதைக் கற்பிக்க வேண்டாமா?

இஃது அயலார் கதையென ஒதுக்க இயலாது. கிழக்கிலங்கையின் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் உழைக்கும் மக்கள் வட்டக்களரியில் வளர்த்தவை. அவற்றின் முடியையும் உடுப்பையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கலையைக் காத்துவிட்டோம் என மகிழும் மனப்பான்மை நம்மிடையேயும் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் சென்ற வழி வேறு. கூத்து நூல்களைப் பதிப்பித்ததோடு அவர் நிற்கவில்லை; பேராதனைப் பல்கலைக்கழக மாணவரையே ஆட வைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ மேடையேறின.

உடைந்த பொம்மையை ஒட்டலாம். ஆடுவோர் அற்றுப்போன கூத்தை எப்பசை கொண்டு ஒட்டுவது? ஆகவே, துறைமுகப் பகுதிப் பாடசாலைகளின் ஆசிரியத் தோழர்களே, முடியைக் காட்டுவதோடு நில்லாது, அதை அணிந்து ஆடவும் மாணவர்க்கு வழி செய்யுங்கள். அண்ணாவியாருக்கு வகுப்பறையில் இடமும் உழைப்புக்கேற்ற ஊதியமும் கோருங்கள். அதுவே தொண்டு.