உப்பை மெல்லத்தான் ஏற்ற வேண்டும்

சாயப்பட்டறைகளிலிருந்தும் பின்னலாடைக் கூடங்களிலிருந்தும் நினைவு தடுமாறி வருவோர் சிலருக்கு, 135க்குக் குறையலாகாத இரத்தச் சோடியம் 110 அளவில் இருக்கிறது. வாந்தியாலோ, நீர் பிரிக்கும் இரத்த அழுத்த மாத்திரையாலோ இது நேரும். “இன்றே ஏற்றிவிடக் கூடாதா?” என உறவினர் வினவுகின்றனர். கூடாது என்பதே எம் கருத்து. வலிப்பு கண்டால் தொடக்கத்தில் சிறிது விரைந்து ஏற்றுவோம். ஆயினும் 24 மணி நேரத்தில் 8 அலகுக்கு மேல் உயர விடுவதில்லை. பல நாள் குறைவுக்குப் பழகிய மூளையில் சோடியம் திடீரென உயர்ந்தால் நரம்பிழைகளின் மேலுறை சிதையும். 1959இல் அமெரிக்காவில் ஆடம்ஸ் குழுவினர் இச்சிதைவை விவரித்தனர். விரைந்த சிகிச்சையும் காரணமாகும் என்பது பிற்பாடுதான் தெளிந்தது. நோயாளி முதலில் தெளிந்து பேசுவார். சில நாளில் நாக்குழறும், விழுங்க இயலாது, கைகால் தளரும். அடிக்கடி இரத்தம் எடுப்பது இதற்காகவே, கட்டணத்துக்காக அன்று. குடிப்பழக்கமுடையோர்க்கு இவ்வாபத்து மிகுதி. அதனை எம்மிடம் மறைக்க வேண்டா.