நீங்கள் கேட்டவை: மனநலம் பாதித்தவருக்குப் பிரார்த்தனை போதுமா, மாத்திரையும் வேண்டுமா?

‘‘உறவுக்காரப் பையனுக்கு 24 வயது. சில மாதங்களாக வயலுக்குப் போவதில்லை. இரவெல்லாம் தூங்காமல் தனியாகப் பேசுகிறான். ஏர்வாடி தர்காவில் தங்க வைத்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?’’

- வாசகி ஒருவர், திருவாடானை வட்டம்.

தர்காவுக்குப் போவதில் தவறில்லை. வைத்தியம் பார்க்காமல் அங்கே விட்டுவிட்டு வருவதுதான் தவறு. தூக்கமின்மை, தனக்குத்தானே பேசுவது, இல்லாத குரல் கேட்பது, காரணமற்ற சந்தேகம் ஆகியவை மனச்சிதைவு போன்ற நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். மனநல மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் இரக்கமற்றவை அல்ல. அன்றைக்குத் தனி அரசு மனநல மருத்துவமனை சென்னை கீழ்ப்பாக்கத்தில்தான் இருந்தது. பக்கத்தில் வைத்தியம் கிடைக்காதவர்களுக்கு ஏர்வாடிதான் கதியாக இருந்தது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த இடத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே ‘தவா-துவா’ என்ற பெயரில், அதாவது மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்கும்படி, அரசு சிகிச்சை கொண்டுவரப்பட்டது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

குறையும் இருக்கிறது. மருத்துவர்கள் குறைவு, கிராமத்திலிருந்து ஒவ்வொரு முறை போய்வரவும் ஒரு நாள் கூலி போகிறது. அந்த அலைச்சலில்தான் பலர் பாதியில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். எனவே, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் வட்டார அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று விசாரியுங்கள். எத்தனை நாள்களுக்கு மாத்திரை சேர்த்துத் தருவார்கள் என்றும் கேளுங்கள்.

உரம் போட்ட மறுநாளே பயிர் பச்சை கட்டாது. இந்த மாத்திரைகளும் அப்படித்தான். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்ததும் நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்பலாம். வீட்டிலுள்ள பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியைப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். 24 மணி நேரமும் தமிழில் ஆலோசனை கிடைக்கும். நேர்த்திக்கடன் இருந்தால் அதையும் செய்யுங்கள், ஆனால், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.